புடவையில் ஐந்து ஸ்டார், குளியலறையில் மூன்று

புற்றுநோய்க்காக மார்பை எடுத்து, அந்த இடத்தில் இம்ப்ளான்ட் (செயற்கை மார்பு) வைத்து இரண்டு வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரி பெயர் எழுதவில்லை, இன்னும் அங்கேதான் செக்கப் போகிறேன். "நல்லா இருக்கா, வச்சுக்கலாமா?" என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சர்ஜன் கை சுத்தம், அதில் குறையே இல்லை. இடது மார்பை எடுத்த அன்றே எக்ஸ்பாண்டர் என்கிற காலிப் பையை உள்ளே வைத்துத் தைத்துவிட்டார், அப்புறம் கீமோ நடக்கும்போதே அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊசியால் சலைன் ஏற்றித் தோலை விரிய வைத்து, கடைசியில் அதை எடுத்துவிட்டு சிலிக்கோன் இம்ப்ளான்ட் வைத்தார்கள். பத்து வருடமாக எனக்குத் தைக்கும் டெய்லரம்மா அளவு எடுத்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு ஐந்து ஸ்டார்தான். ஒரு நர்ஸக்காவையும் சொல்லியாக வேண்டும், காயத்து நீர் வடிய நைட்டியில் தொங்கிய டிரெய்ன் குழாயை இரண்டு விரலால் உருவி விடுவது எப்படி என்று என் கணவருக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

மோசமானது போன். ஆபரேஷன் முடிந்த பன்னிரண்டாம் நாள் காய்ச்சல், தையலைச் சுற்றி ஒரே சிவப்பு. கூப்பிட்டால் ரிசப்ஷனில் "திங்கட்கிழமை ஓபி வாங்க" என்கிறார்கள். நேரே கேஷுவால்டிக்குப் போனதால் பிழைத்தது, நான்கு நாள் ஊசி மருந்து. இம்ப்ளான்ட் வகையில் கிருமி பிடித்தால் உள்ளே வைத்ததையே எடுக்க வேண்டி வரலாம், திங்கட்கிழமை வரை காத்திருக்கிற விஷயமா அது?

பிறகு ரேடியேஷன். அது கொடுத்தால் இம்ப்ளான்டைச் சுற்றியுள்ள சவ்வு இறுகிக் கல் மாதிரி ஆகும் வாய்ப்பு அதிகம் என்பதை எனக்கு இறுகிய பிறகுதான் விளக்கினார்கள். இப்போது இடது பக்கம் ஒரு விரல் மேலே ஏறி நிற்கிறது. குளித்து வந்தால் அந்தப் பக்கம் மட்டும் ஜில்லென்று இருக்கும். தோலில் உணர்ச்சியும் இல்லை; தோள் வலிக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு தூங்கி, காலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் சுட்டதே தெரிந்தது. இதை யாராவது ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

இம்ப்ளான்டுக்குப் பதில் நம் வயிற்றுச் சதையை எடுத்தே மார்பு செய்யும் வழியைப் பற்றி ஒரு நிமிடம்தான் பேசினார்கள். வட அமெரிக்காவில் 11 மருத்துவ மையங்களில் 2,300க்கும் மேற்பட்ட பெண்களை இரண்டு வருடம் கவனித்த ஆய்வு 2018இல் வந்தது, எல்லா வகையும் சேர்த்து மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு சிக்கல். சொந்தச் சதையில் செய்தவர்களுக்குச் சிக்கல் கூடுதல், ஆனால் திருப்தியும் அவர்களுக்குத்தான் கூடுதல். இதை முன்பே படித்திருந்தால் நிறையக் கேள்வி கேட்டிருப்பேன்.

வைத்துக்கொள்பவர்கள் மேற்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா என்று கேளுங்கள். அபூர்வமான ஒரு லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) காரணமாக அலர்கன் கம்பெனி தன் சொரசொரப்பு வகையை 2019இல் திரும்பப் பெற்றது. எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் லாட் நம்பர் உள்ள கார்டை வாங்கி பத்திரமாக வையுங்கள். சிலிக்கோன் ஆயுசுக்கும் வராது, உள்ளே கிழிந்தாலும் வெளியே தெரியாது, அதனால் ஐந்தாறு வருடத்தில் ஒரு ஸ்கேன், அப்புறம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்று என்பது அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொல்வது. அந்தச் செலவு பேக்கேஜில் வராது.

மொத்தம் மூன்றரை ஸ்டார். வயிற்றுச் சதை டாக்டர் ஒருவரிடம் அடுத்த மாதம் அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறேன். போனதும் ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்று நம்பர் கேட்பேன், ஆபரேஷன் பேச்செல்லாம் அதற்கப்புறம்.