நாகமரைத் தண்ணிக்கு எந்தப் படகு? பரிசலா, ரிவிட்டா, வெல்டிங்கா?

ரெண்டு வருஷத்துக்கு முந்தின ஆடியில் என் மச்சினன் வலை எடுக்கப் போன பரிசல், காற்றில் சுற்றிச் சுற்றி எங்கேயோ போய் ஒதுங்கியது. ஆளுக்கு ஒன்றுமில்லை, வலைதான் ரெண்டு போச்சு. ராத்திரி வீட்டுக்கு வந்தவன், "மாமா, துடுப்பு போட்டா முன்னாடி போகணும். இது நான் ஒரு பக்கம் போட்டா அது ஒரு பக்கம் போவுது. வேற ஏதாச்சும் பாக்கணும்" என்றான். பணம் போடப் போவது நான். அதனால் அலைச்சலும் என்னுடையதாகிவிட்டது.

ஆற்றில் ஓடுகிறவர்களுக்கு இது பொருந்தாது. ஒகேனக்கல் பாறை இடுக்குகளில் பரிசலுக்கு மாற்றே இல்லை. எந்தப் பக்கம் இடித்தாலும் உருண்டு விலகும், முன்பின் என்று ஒன்று கிடையாது. நான் சொல்வது நாகமரை, ஒட்டனூர் பக்கம் மேட்டூர் அணையின் விரிந்த தண்ணீரைப் பற்றி. தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் அங்கே எழும் அலை உயரமாக இருக்காது, ஆனால் ஒன்றோடொன்று நெருங்கி வரும். ஒன்றிலிருந்து இறங்குவதற்குள் அடுத்தது மூக்கில் அடிக்கும்.

எங்கள் முன்னால் மூன்று வழி இருந்தது. ஒன்று, புது ஃபைபர் பரிசல். விலை குறைவு, அலையில் சுரைக்காய் மாதிரி மிதக்கும், கவிழ்வது அரிது. எதிர்காற்றில் போகாது என்ற ஒரே குறைதான். நாங்கள் மாற்றப் பார்த்ததே அந்தக் குறைக்காக என்பதால் அதை அப்போதே கழித்துவிட்டோம்.

ரெண்டாவது, ரிவிட் அடித்த, அதாவது தகடுகளை ஓட்டை போட்டு ஆணி அடித்து இணைத்த, தட்டை அடி அலுமினியப் படகு. நிற்கும் தண்ணீரில் இதைப் போல வசதி இல்லை. ரெண்டு பேர் ஒரே ஓரத்தில் நின்று வலை இழுத்தாலும் பெரிதாகச் சாயாது, முழங்கால் தண்ணீரிலும் போகும். காற்று வந்ததும் குணம் மாறிவிடும். தட்டை அடி அலையைக் கிழிக்காது, அதன் மேல் ஏறி 'தொப்'பென்று விழும். விழும் ஒவ்வொரு முறையும் தகடு கொஞ்சம் நெளிகிறது. அந்த நெளிவு போய் நிற்கும் இடம் ரிவிட்டின் ஓட்டை. ஓட்டை மயிரிழை அளவு அகன்றால் போதும், தண்ணீர் கசியத் தொடங்கும். தெரிந்தவர் ஒருவரின் படகில் மூன்றாவது வருஷத்திலேயே நடுவில் சொம்பு வைத்து மொண்டுகொண்டிருந்தார்கள்.

மூன்றாவது, நாங்கள் எடுத்தது. 14 அடி, 3 மி.மீ. தகடு, முழுக்க வெல்டிங், மூக்கு கூராக இறங்கிப் பின்னால் போகப் போகத் தட்டையாகும் அடி. இதை வலை இழுக்கும்போது குறை சொல்லாதவன் பொய் சொல்கிறான். ரெண்டு பேரும் ஒரே பக்கம் வந்தால் சாய்ந்தாடும், பழக ஒரு மாதம் ஆனது. ஆனால் எதிர்காற்றில் மூக்கு அலையைப் பிளந்துகொண்டு நேராகப் போகிறது.

அலைக்காக மட்டும் நான் இந்தப் பக்கம் சாயவில்லை. முக்கால் காரணம் கல்.

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., முழு உயரம் 120 அடி. அந்த 120 அடிக்குக் கீழே ஊர்கள் கிடக்கின்றன. மட்டம் ரொம்ப இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலை தலை காட்டும் என்று பேப்பரில் வருகிறதே, அதைப் பார்க்கக் கூட்டம் கூடும். நந்தி வெளியே தெரிந்தால் நல்லது, விலகிப் போகலாம். ஆபத்து, அரை அடி தண்ணீருக்குள் நிற்கும் பெயரில்லாத பாறைகள்தான். டெல்டாவுக்குத் திறக்க ஆரம்பித்துவிட்டால் மட்டம் தினமும் இறங்கும். போன வாரம் மேலே ஓட்டிப் போன இடத்தில் இந்த வாரம் அடி உரசும். எவ்வளவு பழகினவனும் வருஷத்துக்கு நாலு தரம் இடிப்பான்.

இடித்த பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் வித்தியாசம். ஃபைபர் கீறும் அல்லது விரியும். ரெசின் பசையும் கண்ணாடி இழை விரிப்பும் வாங்கி வீட்டிலேயே ஒட்டலாம், அது அதன் பலம். ஆனால் ஒட்டும் இடம் எலும்பு மாதிரி காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தில் பிடிக்காது. மீன் பிடிக்கும் பருவத்தில் ரெண்டு நாள் காயப்போடுவது கூலியை விடுவது. அலுமினியம் ஒடுக்கு விழும், ஆனால் பெரும்பாலும் கிழியாது. உள்பக்கம் கட்டை வைத்து மரச் சுத்தியால் தட்டினால் முக்கால்வாசி நேராகிவிடும். மச்சினன் படகில் இப்போது ஏழு ஒடுக்கு இருக்கிறது, ஒன்றுகூட ஒழுகவில்லை.

கிழிந்தால்? கடலோர ஊர் என்றால் படகு செய்கிறவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். தர்மபுரியில் யாரைத் தேடுவது? நமக்குக் கைகொடுப்பது ஓசூர். வண்டி உதிரி பாகம் செய்யும் ஊர் என்பதால் ஆர்கான் வாயு விட்டு அலுமினியத்தை வெல்டிங் செய்யத் தெரிந்த கைகள் அங்கே ஏராளம். அவர்களிடம் "நல்லா அடிச்சுக் குடுங்கண்ணா" என்பதோடு நிறுத்தாதீர்கள். தகடு 5083 ரகம் (அலுமினியக் கலவையின் எண்) என்றால் வெல்டிங்குக்கு 5356 எண் கம்பி போடச் சொல்லுங்கள். பட்டறையில் கைக்கு எட்டுவது 4043-ஆக இருக்கலாம். அதில் அடித்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வெல்டிங் ஒட்டு எளிதில் உடைகிற மாதிரி ஆகி அலையில் விரிசல் விடும். நாங்கள் முதலில் போன பட்டறையில் இந்தக் கேள்வி கேட்டதும், "பத்து வருஷமா அடிக்கிறேன் சார்" என்று கோபித்துக்கொண்டார்கள். அடுத்த பட்டறைக்குப் போனோம்.

எடைக் கணக்கு: 3 மி.மீ. அலுமினியத் தகடு சதுர மீட்டருக்கு 8.1 கிலோ, அதே கனத்தில் இரும்பு 23 கிலோவைத் தாண்டும். எங்கள் படகு குறுக்குப் பலகையெல்லாம் சேர்த்து நூறு கிலோவை ஒட்டி வருகிறது. தண்ணீர் நிறைந்தால் இது முழுகும், மூங்கில் பரிசல் போல மிதந்து கிடக்காது. நூறு கிலோ அலுமினியம் தண்ணீருக்குள் 63 கிலோ எடை காட்டும், கூடவே சின்ன இன்ஜினின் பாரம். அதனால் இருக்கைகளுக்கு அடியில் மூடி இறுக்கிய 20 லிட்டர் கேன் ஆறு கட்டியிருக்கிறோம். இதைச் செய்யாமல் அலுமினியப் படகை ஆடி மாதம் இறக்காதீர்கள், லைஃப் ஜாக்கெட் தனி.

ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். அலுமினியத்தில் துடுப்பு தட்டினால் தகரக் கொட்டகையில் கல் விழுந்த சத்தம் வரும், மீன் ஓடும். அதற்காகக் கோணிச் சாக்கை மடித்துப் போட்டோம். சாக்கு ஈரமாகவே கிடந்தது. நாலு மாதத்தில் அதன் அடியில் வெள்ளை மாவு பூத்துத் தகட்டில் குழி விழ ஆரம்பித்தது. இப்போது ரப்பர் விரிப்பு, தினமும் எடுத்துக் காயப்போடுகிறான். செம்பு, பித்தளை எதையும் தகட்டோடு சேர்த்து முடுக்காதீர்கள். அதுவும் இதே வேலையைச் செய்யும்.

விற்பதைப் பற்றி ஒரு வரி. விரிந்துபோன ஃபைபரைக் காயலான் கடையில் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அலுமினியம் கிலோக் கணக்கில் போகும். ஆனால் நாங்கள் பார்த்தது ரெண்டு ஆடிதான். பத்து வருஷம் கழித்து வெல்டிங் எப்படி இருக்கும் என்று இன்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

பழைய பரிசலை அவன் விற்கவில்லை. காற்றில்லாத மாசியில் கரையோர வலைக்கு அதில்தான் போகிறான். அதை ஒரு ஆளே தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கிவிடலாம். அலுமினியத்தைத் தண்ணீரில் இறக்க நாலு பேரைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் டீ வாங்கித் தர வேண்டும்.