சேபர் 2, கட்டானா, இரண்டு ஜோடி ரைசர்கள்: 600 தாவல்களுக்குப் பிறகு

ஸ்கைடைவிங்கில் நான் பறக்கும் இரண்டு பாராசூட்டுகளைப் பற்றியது இது. முதலில் எண்கள். கருவிகளோடு என் எடை 200 பவுண்டு. 150 சதுர அடி சேபர் 2-இல் சதுர அடிக்கு 1.33 பவுண்டு சுமை. அதே கேனபியின் (பாராசூட் விதானத்தின்) 135 சதுர அடி அளவில் ஒரு பருவம் பறந்த பிறகே 120 சதுர அடி கட்டானாவுக்குப் போனேன். அங்கே சுமை 1.67. இந்தக் கணக்கைச் சொல்லாத மதிப்புரையை நான் படிப்பதில்லை.

இரண்டும் காற்று நிரம்பும் ஒன்பது அறைக் கேனபிகள்தான், ஆனால் குணம் வேறு. தரையிறங்குமுன் வேகம் சேர்க்க முன் ரைசரை (தோள் பட்டையைக் கேனபியின் லைன்களோடு, அதாவது கயிறுகளோடு, இணைக்கும் பட்டையை) இழுத்துத் திருப்பினால் சேபர் 2 பாய்கிறது, சீக்கிரமே தானாக நிமிர்ந்துகொள்கிறது. உயரத்தைக் கொஞ்சம் தப்பாகக் கணித்தாலும் பொறுத்துப்போகும். கட்டானா மூக்கைக் கவிழ்த்தால் கவிழ்த்தபடியே நெடுந்தூரம் இறங்கும். ஆகவே திருப்பத்தை இன்னும் உயரத்தில் தொடங்க வேண்டும். பழைய உயரத்துக்குப் பழகிய கண்ணை மாற்ற எனக்கு 80 தாவல்கள் ஆயின. அதுவரை தரைக்கருகே திருப்பவே இல்லை, மேலேயே ஒத்திகை பார்த்தேன்.

இனி ரைசர் கதை. அதில்தான் பணத்தை வீணடித்தேன். 135-இன் கடைசி மாதங்களில் முன் ரைசரை இழுத்ததும் கேனபி முரட்டுக் குதிரைபோல உதறியது. அகலமான டைப் 8 பட்டை கைக்கு அடங்காததுதான் காரணம் என்று நானே முடிவுகட்டி, ஓரங்குல டைப் 17 ரைசர்கள் வாங்கினேன். உதறல் அப்படியே இருந்தது. பாராசூட்டுகளைச் சோதித்துப் பழுதுபார்க்கும் ரிக்கர் லைன்களை இழுத்துப் பிடித்து அளந்து பார்த்தார். கீழ்ப் பிரேக் லைன்கள் இரண்டும் மூன்று விரற்கடை குறைந்திருந்தன. விரிதலை மெதுவாக்க லைன்களில் வழுக்கி இறங்கும் துணியான ஸ்லைடர் உரசும் சூட்டில் ஸ்பெக்ட்ரா இழை சுருங்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல, அளக்கச் சோம்பல். பிரேக் கைப்பிடியான டோகிளை முழுக்க மேலே விட்டிருந்தாலும், முன் ரைசரை இறக்கிய கணமே பிரேக் லைன் விறைத்து வால் விளிம்பைக் கீழே இழுத்திருக்கிறது. பறக்கும்போது அந்த லைன்கள் பின்பக்கமாகச் சற்றே தொய்ந்து வளைந்திருக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு தாவலிலும் அண்ணாந்து அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

புதிய ரைசர்கள் முழுக்க வீண் இல்லை. அவற்றின் பிடிவளையம் விறைப்பானது, வாய் திறந்தே நிற்கும். பழையதில் துணி வளையம் பட்டையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். கண் தரையில் இருக்க, விரல் அதைத் துழாவிக்கொண்டிருக்கும். விரல்களை மட்டும் நுழைத்துக்கொள்ளுங்கள், மணிக்கட்டை அல்ல. டோகிள் எப்போதும் கையிலேயே இருக்கட்டும். கேனபியைக் கழற்றிவிடும் மூன்று வளையங்கள் இதில் சிறியவை. அதனால் கழற்றக் கூடுதல் விசை வேண்டும். மாதம் ஒருமுறை வளையங்களைப் பிரித்து, பட்டையை மடக்கி நெகிழ்த்தி, கேபிளைத் துடைத்துவிடுகிறேன். லைன் முறுக்கிக்கொண்டாலும் கேபிள் நசுங்காமலிருக்க ரைசருக்குள் கடினக் குழல் உள்ளதாகவே வாங்குங்கள். கழற்றும் ஸ்லைடர் பக்கம் நான் போகவில்லை. போட்டிக்குப் போகாதவனுக்கு அது கூடுதல் வேலை.

கட்டானாவுக்கு வெக்ட்ரான் லைன்கள். அளவு மாறுவதில்லை, ஆனால் தேய்கின்றன. போன வாரம் இடப்பக்கப் பிரேக் லைனில், டோகிள் செருகும் கண்ணருகே பஞ்சுபோல நூல் பிரிந்திருந்தது. புதிய லைன் வரும்வரை மறுபடியும் சேபர் 2 தான்.