ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் பேஸ்பால்: மேட்ச் இல்லாத மாசங்களுக்கு ஒரு பெட்டி

குளிர்காலத்துல பேஸ்பால் இல்லாம தவிக்கிறவங்களுக்கு என்ன வாங்கலாம்னு யாரு கேட்டாலும் என்கிட்ட ஒரே பதில்தான், ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக். கார்டும் டைஸும் வச்சு மேஜைல ஆடுற பேஸ்பால். ஹால் ரிச்மன்னு ஒருத்தர் 1961ல நியூயார்க் லாங் ஐலண்ட் பக்கம் ஆரம்பிச்சது, இன்னிக்கும் வருஷா வருஷம் புது கார்டு வருது. கம்ப்யூட்டர்லயும் ஆடலாம், ஆனா நான் சொல்லப்போறது அட்டைப் பெட்டியப் பத்தி மட்டும்.

நான் சியாட்டில் மரைனர்ஸ் ரசிகை. 1977ல ஆரம்பிச்ச டீம், சாம்பியனை முடிவு பண்ற ஃபைனலான வேர்ல்டு சீரிஸ்ல ஒரு தடவை கூட ஆடாத ஒரே டீம் நாங்கதான். 2025 எங்களுக்கு எப்படிப்பட்ட வருஷம்னு தெரியணும், எங்க கேல் ராலி கேட்சரா (கிரிக்கெட் விக்கெட் கீப்பர் மாதிரி) உக்காந்து எழுந்துகிட்டே 60 ஹோம் ரன் (சிக்ஸர் மாதிரி பந்தை வெளிய தூக்கறது) அடிச்சார், கென் கிரிஃபி ஜூனியரோட 56ங்கற டீம் ரெக்கார்டு போச்சு, வேர்ல்டு சீரிஸுக்கு முந்தின கட்டமான அமெரிக்கன் லீக் ஃபைனல்ல ஏழாவது மேட்ச் வரைக்கும் போனோம். அக்டோபர் 20, டொரொண்டோ, ஏழாவது இன்னிங்ஸ், நாங்க 3-1 லீடிங், ஒரு அவுட், ரெண்டாவது மூணாவது பேஸ்ல ஆள் நிக்குது, பந்து போட்டுகிட்டிருந்த பிட்சர் பிரையன் வூவ எடுத்துட்டு எட்வார்ட் பசார்டோவ இறக்கினாங்க, டொரொண்டோவோட ஜார்ஜ் ஸ்பிரிங்கர் ஹோம் ரனா தூக்கி அடிச்சுட்டார், பேஸ்ல இருந்தவங்களோட சேர்த்து மூணு ரன், 4-3. அதுக்கப்புறம் ஒரு ரன் கூட எடுக்க முடியல. எங்க க்ளோசர், அதாவது கடைசில வந்து மேட்சை முடிச்சுக் குடுக்கற பிட்சர், ஆண்ட்ரெஸ் முன்யோஸ் அந்த பந்து பறக்கும்போது புல்பென்ல (மாத்து பிட்சருங்க காத்திருக்கற இடம்) இருந்தார். இத நான் இன்னும் ஜீரணிக்கல, ஜீரணிக்கணும்னு அவசரமும் இல்ல.

சீசன்ல 162 மேட்ச், கிட்டத்தட்ட தினமும் ஒண்ணு. சாயங்காலம் 6:40 ஆனா ரேடியோ போட்டுட்டு சமைக்கிறது, பாத்திரம் கழுவுறது எல்லாம் அதோடவே ஓடும். அது நின்னுபோனா வீடே சத்தமில்லாம ஆயிடுது. யாரு எந்த டீமுக்குப் போறாங்க, எத்தனை மில்லியன்னு நியூஸ் வந்துகிட்டேதான் இருக்கு, எங்க பேட்டர் ஜோஷ் நெய்லர் எங்ககிட்டயே இருக்கார்னு கேட்டப்ப நிஜமாவே சந்தோஷமா இருந்துச்சு. ஆனா அதெல்லாம் ஆபீஸ் விஷயம். ஒரு அவுட், ரெண்டு பேர் பேஸ்ல, இப்ப யாரை இறக்கறதுங்கற அந்த பதட்டம் எந்த நியூஸ்லயும் கிடைக்காது.

இந்த கேம்ல அது கிடைக்குது. ஒவ்வொரு பிளேயருக்கும் ஒரு கார்டு, அந்த வருஷம் நிஜமா ஆடினதை வச்சு கணக்குப் போட்டு அடிச்சது. மூணு டைஸ் உருட்டணும். வெள்ளை டைஸ்ல 1, 2, 3 விழுந்தா பேட்டர் கார்டு, 4, 5, 6 விழுந்தா பிட்சர் கார்டு, மத்த ரெண்டு டைஸையும் கூட்டி வர்ற நம்பருக்கு நேரா என்ன எழுதியிருக்கோ அதுதான் ரிசல்ட். 7 அடிக்கடி விழும், 2ம் 12ம் 36ல ஒரு தடவைதான், அதனால ஹோம் ரன்ங்கற வார்த்தை எந்த நம்பருக்கு நேரா இருக்குன்னு பார்த்தாலே அந்த ஆளோட பவர் தெரிஞ்சிடும். நாம ஸ்கூல்ல பக்கத்தை திருப்பி புக் கிரிக்கெட் ஆடுவோமே, அதுல டெண்டுல்கருக்கும் கடைசி ஆளுக்கும் ஒரே சான்ஸ், இதுல அப்படி கிடையாது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பாதி ரிசல்ட் பிட்சர் கையில இருக்கறது. நல்ல பிட்சரை நிறுத்தினா எதிர்ல யார் நின்னாலும் பாதி உருட்டல் அவரோட கார்டுலதான் முடியும். ஃபீல்டிங்குக்கும் தனி ரேட்டிங் உண்டு, 1 பெஸ்ட், 5 மோசம், பிட்சர் கார்டுல ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாவது மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கற ஃபீல்டர்) பக்கம் போற பந்துதான் அதிகம், அதனால அந்த இடத்துல ஒரு 4ஐ நிறுத்திட்டு பேட்டிங் நல்லா இருக்கேன்னு சமாதானம் சொல்ல முடியாது, நாலு இன்னிங்ஸ்ல தெரிஞ்சிடும். ஷார்ட்ஸ்டாப் ஏன் முக்கியம்னு வருஷக்கணக்கா டிவில பார்த்ததை விட இந்த டேபிள்ல எனக்கு நல்லா புரிஞ்சுது.

2025 கார்டு வந்ததும் மரைனர்ஸ் ஃபேன் யாரா இருந்தாலும் முதல்ல அந்த ஏழாவது இன்னிங்ஸைத்தான் செட் பண்ணுவாங்க, நானும் அதேதான். பசார்டோவ போட்டுப் பார்த்தேன், வூவையே விட்டுப் பார்த்தேன், முன்யோஸை இறக்கிப் பார்த்தேன். மூணு பேருமே ரைட் ஹேண்டர், ஸ்பிரிங்கரும் ரைட், அதனால லெஃப்ட் ரைட்னு கை மாத்தி பிழைக்க வழியே இல்ல. முன்யோஸ் இருந்தாலும் சில தடவை வெள்ளை டைஸ் ஸ்பிரிங்கர் கார்டு பக்கம் போயிடும், பந்தும் போயிடும். பசார்டோ வச்சே பல தடவை தப்பிச்சிருக்கோம். மேனேஜர் டான் வில்சன் மேல இருந்த கோபம் எனக்கு குறைஞ்சது இதனாலதான், முன்யோஸ்தான் சரின்னு இன்னிக்கும் சொல்லுவேன், ஆனா அவர் செஞ்சது பைத்தியக்காரத்தனம்னு இனிமே சொல்ல மாட்டேன்.

பழைய சீசன் செட்டும் விக்கிறாங்க. 2001 கண்டிப்பா வாங்குங்க. எங்க மரைனர்ஸ் 116 மேட்ச் ஜெயிச்ச வருஷம், பேட்டர் இச்சிரோவுக்கு எங்க டீம்ல முதல் வருஷம், 242 ஹிட், 56 ஸ்டீல் (யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடித் திருடறது), அந்த கார்டை கையில வச்சு ஆடுறதே ஒரு சுகம், முதல் பேஸ்ல அவர் நின்னா திருடச் சொல்லலாமா வேணாமான்னு ஒவ்வொரு தடவையும் யோசிக்கணும். அந்த டீமும் அமெரிக்கன் லீக் ஃபைனல்ல நியூயார்க் யாங்கீஸ்கிட்ட அஞ்சு மேட்ச்ல தோத்துப் போச்சு, அந்த சீரிஸையும் மேஜைல திரும்ப ஆடலாம்.

ஒரு தகவல், 1981ல பிளேயர்ஸ் வேலைநிறுத்தத்தால ஆல் ஸ்டார் மேட்ச் (ரெண்டு லீக்கோட டாப் பிளேயர்ஸ் மோதுற மேட்ச்) தள்ளிப்போனப்ப கிளீவ்லேண்ட் ஸ்டேடியத்துலயே இந்த கேமை வச்சு அந்த மேட்சை ஆடினாங்க. மேட்ச் இல்லாத நேரத்துக்குன்னே செஞ்சது மாதிரி இருக்குல்ல.

குறையும் இருக்கு. கார்டுல எழுத்து ரொம்பப் பொடி, அட்வான்ஸ்டு ரூல்ஸ்ல சார்ட்டைப் பார்த்துப் பார்த்தே கண்ணு வலிக்கும். ஒரு பேட்டருக்கு ஒரு உருட்டல்தான், பந்து பந்தா கிடையாது, அடுத்த பந்துலயே முடிஞ்சிடலாம்ங்கற 3-2 கவுண்ட்ல ஏழெட்டு ஃபவுலா கோட்டுக்கு வெளிய அடிச்சு பிட்சரை களைப்பாக்குற அந்த சண்டை இதுல இல்ல, எனக்கு பேஸ்பால்ல உயிரே அதுதான், அதனால இது பெரிய இழப்பு. பேஸ்பால் தெரியாதவங்களுக்கு கிஃப்ட்டா குடுக்காதீங்க, ஒண்ணும் புரியாது. இந்தியாவுல இருக்கறவங்க ஷிப்பிங்கும் கஸ்டம்ஸும் சேர்த்துக் கணக்குப் பாருங்க, கம்ப்யூட்டர் வெர்ஷன் உங்களுக்கு லாபமா இருக்கலாம்.

வாங்கறதா இருந்தா உங்க டீம் மட்டும் போதும்னு நிக்காம முழு சீசன் செட்டா எடுங்க, எதிர்ல ஆட ஆள் வேணும்ல. முதல் ஒரு வாரம் பேசிக் ரூல்ஸ்லயே ஆடுங்க, வேகமா முடியும், கார்டு படிக்கப் பழகிடும். அப்புறம் அட்வான்ஸ்டுக்குத் திருப்புங்க, அதுல லெஃப்ட் ஹேண்டர் ரைட் ஹேண்டர்னு கார்டு ரெண்டா பிரிஞ்சிருக்கும், புல்பென்ல யாரை எப்ப எழுப்பறதுங்கற நிஜமான தலைவலி அங்கதான் ஆரம்பிக்குது.