ஜன்னலா, புற ஊதாக்கதிர் விளக்கா, வடிகட்டும் மெஷினா?

போன ஜூலையில் டர்பனில் ஒரு மருத்துவமனை வார்டில் என் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, துணையாக ஒன்பது ராத்திரி உட்கார்ந்திருந்தேன். ஆறு கட்டில், நாலு ஜன்னல். பகலில் திறப்பார்கள், குரங்கு உள்ளே வந்து ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் சாத்துவார்கள். ராத்திரியில் குளிருக்காகச் சாத்துவார்கள். எதிர்க்கட்டிலில் படுத்திருந்த ஒரு அம்மா விடாமல் இருமினார். "காத்து வருதா பாரு, கண்ணு" என்றார் ஆயா. டிஷ்யூ தாளைக் கிழித்து ஜன்னல் இடுக்கில் பிடித்தேன். ஆடவே இல்லை.

இருமலில் கிளம்பும் காசநோய்க் கிருமி 1 முதல் 5 மைக்ரான் துகளாக மணிக்கணக்கில் மிதக்கும். டர்பன் இருக்கும் இதே குவாசுலு-நட்டால் மாகாணத்தில், துகேலா ஃபெரி என்ற ஊரில், மருந்துக்கு அடங்காத காசநோய் வந்த 53 பேரில் 52 பேர் இறந்தது 2006இல் வெளியே தெரிந்தது. பலருக்கு ஆஸ்பத்திரியிலேயே தொற்றியிருக்கலாம் என்பதுதான் அப்போது எழுந்த சந்தேகம்.

வார்டுக் காற்றிலிருந்து கிருமியை விரட்ட ஜன்னல், விளக்கு, வடிகட்டும் மெஷின் மூன்றில் எது? என் ஓட்டு முதலில் ஜன்னலுக்கே. பெரு நாட்டு லிமாவில் அளந்து 2007இல் வெளியிட்டார்கள்: கதவும் ஜன்னலும் திறந்திருந்தால் அறைக் காற்று மணிக்கு 28 தடவை மாறியது. மெஷின் காற்றோட்டத்துக்குக் கணக்கு 12தான். உயரமான கூரை, பெரிய ஜன்னல் வைத்த பழைய கட்டடங்களில் 40. தாத்தா காலத்துக் கட்டடம் புதுசை ஜெயித்துவிட்டது! கரன்ட் போனாலும் ஜன்னல் வேலை செய்யும். லோட்ஷெட்டிங் பார்த்த ஊரில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் சாத்திவிட்டால் அது வெறும் சுவர்.

அங்கேதான் புற ஊதாக்கதிர் விளக்கு வருகிறது. தலைக்கு மேலே சுவரில் மாட்டி, மேல்பகுதிக் காற்றில் 254 நானோமீட்டர் கதிரைப் பாய்ச்சுவார்கள். தென்னாப்பிரிக்காவின் எமலாஹ்லெனி ஊரில் காசநோயாளிகளின் வார்டுக் காற்றை கினிப் பன்றிகளுக்கு அனுப்பிப் பார்த்ததில் தொற்று சுமார் 80% குறைந்தது. கீழ்க்காற்றை மேலே தள்ள ஃபேன் மட்டும் கட்டாயம். ஈரப்பதம் 70%ஐத் தாண்டினால் பலன் குறையும். டர்பன் ஜனவரியை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வார்டிலும் ஒன்று நீலமாக எரிந்தது, குழல் மேல் சாம்பல் நிறத் தூசு. நீலம் தெரிந்தாலே கிருமி சாகிறது என்று அர்த்தமில்லை. குழல் பழசானால் கதிர் வற்றிவிடும், வெளிச்சம் மட்டும் நிற்கும்.

காற்றை வடிகட்டும் ஹெப்பா மெஷின் 0.3 மைக்ரான் துகளில் 99.97% பிடிக்கும். பெட்டியில் போட்டிருப்பது பொய்யில்லை, கணக்குதான் இடிக்கிறது. எட்டுக்கு ஆறு மீட்டர், மூன்று மீட்டர் உயரம் என்றால் 144 கன மீட்டர். மணிக்கு 300 கன மீட்டர் இழுக்கும் மெஷின் இரண்டு தடவைதான் மாற்றும். சத்தம் தாங்காமல் ராத்திரி வேகத்தைக் குறைத்தால் அதுவும் போச்சு. ஆனால் புற்றுநோய்க்கான கீமோ மருந்தில் ரத்த வெள்ளணு குறைந்தவர் அறையில் ஜன்னல் கூடவே கூடாது. பக்கத்தில் இடிக்கும் கட்டடத் தூசோடு ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வித்தும் வரும். அங்கே ஹெப்பாவுக்கு மாற்றில்லை.

பொது வார்டுக்கு என்றால் ஜன்னல், ராத்திரிக்கு விளக்கு. குரங்குக்குக் கொசுவலை அடிக்காதீர்கள், காற்று வரத்து குறைந்துவிடும். கோழிக்கூண்டு வலை போதும்.