ஃப்ளூரைடு பேஸ்டுக்குப் பதில் எது? வேப்பங்குச்சி முதல் அபடைட் வரை

சென்னையில் ஃப்ளூரைடு என்றாலே ஒதுங்குகிறவர்களில் பலர் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளின் பல் படங்களைப் பார்த்துப் பயந்தவர்கள். பயம் பொய்யல்ல. அந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளூரைடு அதிகம். ஈறுக்குள் பல் உருவாகும் வயதில் அதையே குடித்து வளர்ந்தால் பல்லில் பழுப்புத் திட்டு விழும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் அது வருடக்கணக்காக விழுங்கிய ஃப்ளூரைடு. பேஸ்டில் இருப்பது துப்புவதற்கானது.

சென்னை வீட்டுக் கதை இதற்கு நேர்மாறு. குடிப்பது கேன் தண்ணீர், இல்லையென்றால் சமையலறை ஆர்.ஓ. ஆர்.ஓ. வடிகட்டியின் சவ்வு உப்போடு சேர்த்து ஃப்ளூரைடையும் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடுகிறது. டீயில் கொஞ்சம் உண்டுதான். கூடவே போடும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை அந்தக் கணக்கை நேர் செய்துவிடும். ஆக, இந்த ஊரில் ஃப்ளூரைடு பேஸ்டை நிறுத்துகிறவர் பல்லுக்கு ஃப்ளூரைடு வரும் முக்கிய வழியையே அடைக்கிறார். அதற்கு ஈடாக எதை வைக்கிறார் என்பதுதான் கேள்வி.

இங்கே இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, பல்லில் படியும் கொழகொழப்பான படலத்தைத் தேய்த்து எடுப்பது. இதைச் செய்வது பிரஷ்ஷின் நார்தான், பேஸ்ட் வெறும் துணை. இரண்டாவது, கரைந்துபோன தாதுவைப் பல்லுக்குத் திருப்பித் தருவது. சர்க்கரை போட்ட காபி உள்ளே போனதும் படலத்திலுள்ள கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. அமிலத்தின் அளவுகோலான பி.எச். (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால், பல்லின் வெளிக் கவசமான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறும். பிறகு எச்சில் மெல்ல மெல்ல அதைத் திருப்பிச் சேர்க்கும். அந்த நேரத்தில் ஃப்ளூரைடு பக்கத்தில் இருந்தால் சேரும் தாது கெட்டியாகிறது. அடுத்த முறை அது கரைய பி.எச். 4.5 வரை இறங்க வேண்டும். மாற்று என்று வருகிற ஒவ்வொன்றிடமும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நீ முதல் வேலைக்காரனா, இரண்டாவது வேலைக்காரனா?

முதலில் ஃப்ளூரைடு பேஸ்டையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். இந்தியாவில் பேஸ்டில் ஃப்ளூரைடு 1000 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்குக்கு) மேல் போகக்கூடாது, காலாவதித் தேதியும் அச்சிட்டிருக்க வேண்டும். தேதியைப் பார்க்க ஒரு காரணம் உண்டு. விலை குறைந்த வெள்ளைப் பேஸ்டுகளில் தேய்ப்பதற்குச் சுண்ணாம்புத் தூள், அதாவது கால்சியம் கார்பனேட், இருக்கும். சோடியம் ஃப்ளூரைடு அதோடு சேர்ந்தால் கரையாத கால்சியம் ஃப்ளூரைடாகப் படிந்து வீணாகும். அதனால்தான் அவற்றில் சோடியம் மோனோஃப்ளூரோபாஸ்பேட் போடுகிறார்கள். அதுவும் நாள்பட, வெயில் பட, கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வலுவிழக்கும். மே மாத வெயிலில் கடை முகப்பில் தொங்கிய பழைய ட்யூபை வாங்காதீர்கள்.

விழுங்கிவிடுமோ என்று குழந்தைக்காகக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 1000 பி.பி.எம். என்றால் ஒரு கிராம் பேஸ்டில் 1 மில்லிகிராம். மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு. பட்டாணி அளவு ஏறத்தாழ கால் கிராம். முழுவதையும் விழுங்கினாலும் கால் மில்லிகிராம். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அளவு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். பத்துக் கிலோ குழந்தை 50 கிராம் பேஸ்டைத் தின்றால்தான் அது. ட்யூபை எட்டாத உயரத்தில் வையுங்கள், போதும். விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கு அலையலையாகப் பிதுக்குவார்களே, அது பேஸ்ட் விற்பதற்கான அளவு.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இந்தப் பேஸ்டையே கெடுக்கிறது. தேய்த்து முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீரால் கொப்புளித்து வாயைச் சுத்தமாக்கிவிடுகிறோம். ஃப்ளூரைடும் அதோடு வாஷ்பேசினில் போய்விடும். நுரையைத் துப்புங்கள், கொப்புளிக்காமல் விடுங்கள். முடியாதென்றால் ஒரே ஒரு வாய்த் தண்ணீர். இதை மாற்றாமல் பிராண்டை மட்டும் மாற்றிப் பயனில்லை.

குச்சிகள்

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்ற பழமொழியில் வரும் 'வேல்' வேம்பு அல்ல, கருவேலம். அதுவும் நாட்டுக் கருவேலம். புறநகர்க் காலி மனைகளில் மண்டிக்கிடக்கும் சீமைக் கருவேலம் இல்லை. ஆல், வேல் இரண்டிலும் துவர்ப்பு அதிகம். துவர்ப்பு ஈறை இறுக்கும். பழமொழியும் உறுதி என்றுதான் சொல்கிறது, சொத்தை வராது என்று எங்கும் சொல்லவில்லை. பல் ஆடாமல் இருப்பது அன்றைய கவலை. மூன்று வேளையும் சர்க்கரை வந்தது பிறகு.

வேப்பங்குச்சியை முறையாகப் பயன்படுத்தினால் முதல் வேலையைப் பாதிக்கு மேல் செய்யும். சுண்டுவிரலைவிடச் சற்று மெல்லியதாக, ஒரு சாண் நீளத்துக்கு, பச்சை மாறாத ஆனால் இளந்தளிரும் அல்லாத குச்சியாக ஒடியுங்கள். அண்ணா சாலை மாதிரிப் புகை படியும் சாலையோர மரமும், அடிமரத்தில் பெயின்ட் அடித்த மரமும் வேண்டாம். கழுவி, நுனியில் ஓர் அங்குலம் பட்டையைச் சீவிவிட்டுப் பின்பற்களால் இரண்டு நிமிடம் மெல்லுங்கள். நார் பிரிந்து பூ மாதிரி விரிய வேண்டும். குச்சி காய்ந்திருந்தால் விரியாமல் சிம்பாக உடையும், அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஈறிலிருந்து பல் நுனியை நோக்கி, மேல் பல்லில் கீழாகவும் கீழ்ப் பல்லில் மேலாகவும் இழுங்கள். குறுக்காக இழுத்தால் ஈறு இறங்கி வேர் தெரிய ஆரம்பிக்கும். முடிந்ததும் குச்சியை இரண்டாகப் பிளந்து வளைத்தால் நாக்கு வழிக்க ஆயிற்று. மறுநாள் புதுக் குச்சி.

தவறு நடக்கும் இடம் ஒன்று நிச்சயம். குச்சி நேராக நீட்டியிருப்பதால் கீழ் முன்பற்களின் உட்புறமும், கடைவாய்ப் பற்களின் நாக்குப் பக்கமும் அதற்கு எட்டாது. காரை கட்டுவதும் பெரும்பாலும் அங்கேதான். குச்சியிலேயே நிற்கிறவர்கள் அந்த இடங்களுக்காவது பிரஷ் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டு பற்களுக்கு நடுவே நார் முறிந்து தங்கினால் ஈறு வீங்கும், நூலால் எடுத்துவிடுங்கள்.

திருவல்லிக்கேணியிலும் மண்ணடியிலும் பள்ளிவாசல் பக்கம் கிடைக்கும் மிஸ்வாக், உகா மரத்தின் வேர் அல்லது கிளை. குச்சிகளில் எங்கள் ஓட்டு இதற்கே. நார் மென்மையாகப் பிரியும், கிருமியைத் தடுக்கும் காரமான ஒரு பொருளும் அதில் உண்டு. பழக்கமுள்ள நாடுகளில் இதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1986இல் பரிந்துரைத்தது. ஈரமாக உறையில் அடைத்து வருவதை வாங்குங்கள். காய்ந்துபோனதை இரவே தண்ணீரில் போட்டு ஊறவைக்க வேண்டும். நுனி பழுப்பேறியதும் வெட்டி எறிந்துவிட்டுப் புது நுனி மெல்லுங்கள்.

கரியும் பொடியும்

உமிக்கரி பற்றிப் பேச ஆரம்பித்தாலே பாட்டியின் பல்வரிசை சாட்சிக்கு வந்துவிடும். சாட்சி ஒருபுறம் இருக்கட்டும், பொருளைப் பார்ப்போம். நெல் உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா. பொருள்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் எனாமல் 5இல் நிற்கும். அதற்கு உள்ளிருக்கும் டென்டின் 3க்கு அருகில். மணலின் குவார்ட்ஸ் 7. உமிக்கரி இவற்றில் எங்கே நிற்கும் என்பது எவ்வளவு சூட்டில் எரித்தார்கள், எவ்வளவு நைசாக அரைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. வீட்டில் அரைத்ததில் பெரிய துகள்கள் இருக்கத்தான் செய்யும். விரலில் தொட்டு அழுத்தித் தேய்க்கும்போது பல்லின் கழுத்தில், ஈறுக்குச் சற்று மேலே, ஆப்பு வெட்டிய மாதிரி பள்ளம் விழும். வலது கைக்காரர்களுக்கு இடப்பக்கக் கோரைப்பல்லில்தான் அது முதலில் தெரியும், கை அங்கேதான் அழுத்தும். பின்பு ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீர் என்று இழுக்கும்.

கடையில் அழகான டப்பாவில் வரும் ஆக்டிவேட்டட் சார்க்கோல் இதற்கு நாகரிகத் தம்பி. மேற்கறையை எடுக்கும், அதனால் வெளுத்த மாதிரி தெரியும். பல் அடைத்த இடங்களின் ஓரத்திலும் ஈறின் இடுக்கிலும் கருப்புக் கோடு தங்கிவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

சிவப்புப் பல்பொடியில் நிறத்துக்கும் தேய்ப்புக்கும் காவிக்கல் சேர்ப்பதுண்டு, அதுவும் சொரசொரப்புதான். பல்பொடி, பேஸ்ட் எதிலும் புகையிலை சேர்ப்பது 1992 முதல் இந்தியாவில் தடை. பொருள் பட்டியலே இல்லாத பொட்டலத்தைத் தொடாதீர்கள். கச்சேரி ரோட்டு நாட்டு மருந்துக் கடையில் திரிபலா, கிராம்பு, கடுக்காய் என்று அரைத்து வாங்குகிறவர்கள் மெல்லிய துணியில் இருமுறை சலித்துக்கொள்ளுங்கள். விரல் நுனிக்கிடையில் நெருடினால் பல்லுக்கும் நெருடும். ஈறு நாற்றத்துக்கு இவை கொஞ்சம் உதவும். இரண்டாவது வேலைக்கு ஆகாது.

நல்லெண்ணெய்

எண்ணெய்க் கொப்புளிப்பைக் கிண்டல் செய்வதும் தவறு, கும்பிடுவதும் தவறு. சென்னைப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வில், ஈறு வீக்கம் இருந்த 20 பையன்களில் பாதிப் பேருக்கு நல்லெண்ணெயும் மீதிப் பேருக்கு குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷும் பத்து நாள் கொடுத்தார்கள். இரு தரப்பிலும் படலமும் வீக்கமும் குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் ஆள் 20, நாள் 10, பார்த்தது ஈறு. சொத்தைக்கு இதை ஆதாரமாகக் காட்ட முடியாது.

செய்வதென்றால் வெறும் வயிற்றில் 10 மில்லி, அதாவது இரண்டு டீஸ்பூன், 10 நிமிடம். நிதானமாகப் பற்களுக்கிடையே இழுங்கள், தொண்டைவரை கொண்டுபோகாதீர்கள். மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரலில் எண்ணெய் நிமோனியா வரும், குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம் என்பது அதனால்தான். பாலாய் வெளுத்ததை நச்சு வெளியேறியது என்பார்கள். எண்ணெயும் எச்சிலும் குழம்பினால் வெளுக்கும், அவ்வளவே. பேசினில் துப்பினால் அப்பார்ட்மென்ட் குழாயில் கொழுப்புக் கட்டும். பழைய பேப்பரில் துப்பிக் குப்பையில் போடுங்கள். பிறகு வழக்கம்போல் பிரஷ்.

சமையல் சோடா

மலிவு மாற்றுகளில் கேடு குறைந்தது இதுதான். மென்மையான துகள், எச்சிலில் கரைந்தும்விடும், அமிலத்தையும் தணிக்கும். அரை டீஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து கொப்புளிக்கலாம், அல்லது ஈரப் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்க்கலாம். எலுமிச்சைச் சாறு கலந்து 'வெள்ளையாக்கும்' வித்தை மட்டும் வேண்டாம். பல்லில் எலுமிச்சை தேய்ப்பது அமிலம் தேய்ப்பதேதான். வாந்தி எடுத்தபின், நெஞ்செரிச்சலோடு புளித்த ஏப்பம் வந்தபின், சோடாத் தண்ணீரால் கொப்புளித்துவிட்டு அரை மணி கழித்துப் பல் தேய்ப்பது நல்ல பழக்கம். உப்பைக் கரைத்துக் கொப்புளியுங்கள், கல்லாகத் தேய்க்காதீர்கள்.

சைலிட்டால்

இனிக்கும், ஆனால் சொத்தைக் கிருமியால் அதைச் செரித்து அமிலமாக்க முடியாது. உதவ வேண்டுமானால் ஒரு நாளைக்கு 5, 6 கிராம், மூன்று நான்கு முறையாகப் பிரித்து, சாப்பாட்டுக்குப் பின் சூயிங்கமாக மெல்ல வேண்டும். பேஸ்டில் ஓரத்தில் எழுதியிருக்கும் துளி சைலிட்டால் ருசிக்குத்தான். அதிகமானால் வயிறு போகும். வீட்டில் நாய் இருந்தால் இந்தப் பொட்டலத்தைப் பூட்டி வையுங்கள், நாய்க்கு இது உயிரையே எடுக்கும் நஞ்சு.

ஹைட்ராக்ஸிஅபடைட்

இரண்டாவது வேலையில் ஃப்ளூரைடோடு போட்டிக்கு நிற்கத் தகுதியுள்ள ஒரே ஆள் இவர். எனாமல் எதனால் ஆனதோ அதே கால்சியம் பாஸ்பேட்டை மிகச் சிறு துகளாக்கித் தருகிறார்கள். எனாமலின் நுண்துளையில் அது ஒட்டி அடைக்கும், அமிலம் வந்தால் கால்சியத்தைக் கொடுத்துத் தாங்கும். ஜப்பான் 1993இலேயே இதைச் சொத்தை தடுக்கும் பொருளாக ஏற்றுக்கொண்டது. பெரியவர்களிடம் 18 மாதம் நடந்து 2023இல் வந்த ஒப்பீட்டில் இது ஃப்ளூரைடு பேஸ்டுக்குச் சளைக்கவில்லை. குழந்தை விழுங்கினாலும் கறை பயம் இல்லை. பல் கூச்சத்துக்கும் கைகொடுக்கும். ஆனால் ஃப்ளூரைடுக்குப் பின்னால் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஆய்வு நிற்கிறது, இதற்கு அந்த நீளம் இன்னும் இல்லை.

வாங்கும்போது ஏமாறும் இடம் அளவு. நல்ல முடிவு காட்டிய பேஸ்டுகளில் 10 சதவீதம் வரை இருந்தது. பொருள் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். ஹைட்ராக்ஸிஅபடைட் பட்டியலின் வாலில், வாசனைக்குப் பின்னால் இருந்தால் அது பெயருக்குத்தான். சதவீதம் அச்சிடாததை வாங்காதீர்கள். விலையும் சாதாரணப் பேஸ்டைவிடப் பல மடங்கு. முட்டை ஓட்டைப் பொடித்து வீட்டிலேயே தயாரிக்கலாம் என்று சுற்றும் குறிப்பு சரியல்ல: அது கால்சியம் கார்பனேட், வேறு சரக்கு. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தேய்த்தால் வாயே வெந்துபோகும்.

யாருக்கு எது

சர்க்கரை குறைவு, சொத்தையே வந்ததில்லை, இரவிலும் தேய்க்கிறவர் என்றால் மூலிகைப் பேஸ்டோ மிஸ்வாக்கோ போதும். பிரஷ் பிடிக்கும் முறைதான் முக்கியம். ஏற்கெனவே இரண்டு மூன்று அடைத்த பல், கிளிப் போட்ட பற்கள், மாத்திரையால் வாய் வறட்சி, ஒரு நாளைக்கு நாலு காபி, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஃப்ளூரைடை விடாதீர்கள். மனம் ஒப்பவில்லை என்றால் பத்து சதவீத அபடைட். அதற்குக் கீழே இறங்க வேண்டாம். இரண்டும் வேண்டும் என்கிறவர் காலையில் குச்சி, இரவில் பேஸ்ட் என்று பிரித்துக்கொள்ளலாம். பேஸ்டை இரவுக்கு வைப்பதற்குக் காரணம், தூக்கத்தில் எச்சில் குறைவு, கழுவிப் போகாது.

மாற்றியபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேல் முன்பற்களைத் துணியால் ஈரம் போகத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஈறோரத்தைப் பாருங்கள். பளபளப்பில்லாத சுண்ணாம்பு வெள்ளைத் திட்டு தெரிந்தால் அங்கே தாது கரைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள்; அந்த நிலையில் ஃப்ளூரைடுக்குத் திரும்பினால் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். திட்டு பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் எந்தப் பேஸ்டும் எந்தக் குச்சியும் அதை மூடாது, அடைக்கத்தான் வேண்டும். தனியார் கிளினிக் செலவுக்கு யோசிக்கிறவர்களுக்குக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு எடுத்துவிடுங்கள்.