வாரிய முடிவா, விதித் தொகுப்பா: எதை முதலில் திறப்பது?

அமெரிக்க முன்னாள் படைவீரர் ஒருவரின் ஊன உதவித்தொகை பற்றித் தேட உட்கார்ந்தால், பலரும் முதலில் போய் விழுவது முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு வாரியத்தின் முடிவுகளில்தான். 1992 முதல் உள்ளவை இலவசமாகக் கிடைக்கின்றன. பெயர் நீக்கப்பட்டிருக்கும், நடந்ததெல்லாம் கதைபோல் ஓடும். ஆனால் அந்த முடிவு அந்த ஒரு வழக்கோடு சரி. "இவருக்குக் கொடுத்தீர்களே" என்று நீட்டினால், அடுத்த வழக்கை விசாரிப்பவர் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

கூட்டரசு விதித் தொகுப்பின் 38ஆம் தலைப்பு இதற்கு நேர் எதிர். வறண்ட நடை, ஆனால் கட்டுப்படுத்தும். காது இரைச்சலை எடுத்துக்கொள்வோம். பகுதி 4இல் குறியீடு 6260: 10 சதவீத ஊனம், ஒரு காதானாலும் இரு காதானாலும் ஒரே மதிப்பீடு. இரண்டு வரியில் முடிந்த விஷயம்.

அந்த இரண்டு வரிக்குப் பின்னால் ஒரு சண்டையும் உண்டு. 2003இல் திருத்துவதற்கு முன்பிருந்த வாசகத்தின்படி காதுக்கொரு 10 சதவீதம் தரலாம் என்று 2005இல் வாரியத்துக்கு மேலுள்ள முன்னாள் படைவீரர் நீதிமன்றம் சொன்னது. 2006இல் அதற்கும் மேலுள்ள ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. முதல் தீர்ப்போடு தேடலை நிறுத்தியவர் மாட்டிக்கொண்டார். இன்னொரு பொறி: முன்னாள் படைவீரர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்புகள் பிந்தைய வழக்குகளைக் கட்டுப்படுத்தும் முன்தீர்ப்பு ஆகாது, பல நீதிபதிகள் சேர்ந்து தந்த அமர்வு தீர்ப்பா என்று பார்த்துவிட்டுத்தான் மேற்கோள் காட்ட வேண்டும்.

முன்னாள் படைவீரர் துறையின் எம்21-1 கையேடு வேறு ரகம். மனுவை அலசும் ஊழியர் பின்பற்றும் நடைமுறை அதில்தான் இருக்கிறது. மனு ஏன் அந்த வழியில் போனது என்று புரிய இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அது வாரியத்தைக் கட்டுப்படுத்தாது.

என் வழக்கம்: முதலில் விதி, பிறகு அமர்வு தீர்ப்பு. வாரிய முடிவுகளைக் கடைசியில் திறப்பேன், அதுவும் அவற்றில் காட்டியிருக்கும் மேற்கோள்களைப் பொறுக்க மட்டும்.

ராணுவக் குற்றவியல் வேறு அலமாரி. சட்டம் அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10ஆம் தலைப்பில், நடைமுறை கோர்ட் மார்ஷல் (ராணுவ நீதிமன்ற) கையேட்டில். இங்கே சட்டத்தைப் போலவே கையேடும் தேவை, ஆனால் பதிப்பு முக்கியம். 2019 ஜனவரி 1க்கு முன் நடந்த குற்றத்தில் 115ஆவது பிரிவு என்றால் நோய் நடிப்பு, அதாவது கடமையைத் தவிர்க்க நோயாளிபோல் நடிப்பது. இன்று அதே எண் மிரட்டலுக்கு. நோய் நடிப்பு 83க்குப் போய்விட்டது. குற்றம் நடந்த தேதியைக் குறித்துக்கொண்டு அதற்குப் பிறகு பதிப்பைத் தேடுங்கள்.