பிஎஸ்வியா, ஏஎச்டிஎஸ்ஸா, டக்கா, டிரெட்ஜரா? ஆஃப்ஷோர் போற தம்பிங்களுக்கு ஒரு அலசல்

மெரைன் கோர்ஸ் முடிச்சு, சிடிசியும் (மாலுமி அடையாளப் புத்தகம்) கையில வந்தாச்சு, பெரிய சரக்குக் கப்பல் ஓட்டுற மெயின் ஃப்ளீட் கம்பெனி ஒண்ணும் கூப்பிடல, ஏஜென்ட் ஏதோ ஆஃப்ஷோர் போட், அதான் கடல் எண்ணெய்க் கிணத்து வேலைக்கு ஓடுற போட், இருக்குன்றான், போலாமாண்ணானு கேக்குற தம்பிங்க நம்ம ஊர்ல நெறைய. ராயபுரம், எண்ணூர் பக்கம்லாம் தெருவுக்கு ரெண்டு பேர் இருப்பாங்க. நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான்: என்ன போட்டு? "ஓஎஸ்விண்ணா"ன்னு பதில் வரும். ஓஎஸ்வின்னா ஆஃப்ஷோர் சப்போர்ட் வெசல், அது பொதுப் பேரு. லாரி ஓட்டப் போறேன்னு ஒருத்தன் சொன்னா தண்ணி லாரியா கன்டெய்னர் டிரைலரானு கேக்க மாட்டோமா, அதே கதைதான் இதுவும்.

தூரத்துல இருந்து பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். முன்னாடி பிரிட்ஜ், பின்னாடி நீளமா வெட்டவெளி டெக். 1955ல அமெரிக்காவுல மெக்சிகோ வளைகுடா வேலைக்குன்னே "எப் டைட்"னு ஒரு போட் கட்டுனாங்க, அதுல ஆரம்பிச்ச உருவம்தான் இன்னிக்கு வரைக்கும் ஓடுது. ஆனா கிட்டப் போயி டெக்ல என்ன இருக்குன்னு பாத்தாதான் அது என்ன சாதின்னு தெரியும்.

மொதல்ல பிஎஸ்வி, அதாவது பிளாட்ஃபார்ம் சப்ளை வெசல். இது சப்ளை போட், அவ்ளோதான். கரையில இருக்குற பேஸ்ல இருந்து, கடல்ல எண்ணெய்க் கிணறு தோண்டுற ரிக்குக்கு சாமான் கொண்டு போறது. டெக் மேல பைப், கன்டெய்னர், கீழ டேங்க்ல டீசல், குடிதண்ணி, டிரில்லிங் மட் (தோண்டுறப்ப கிணத்துக்குள்ள விடுற சேத்துக் கலவை), பிரைன்ன்ற உப்புக் கரைசல், அப்புறம் தூள் சரக்குக்குத் தனி டேங்க், அதுல சிமெண்ட்டும் பாரைட்ன்ற கனமான தாதுத் தூளும். இந்தியாவுல மேற்கே பாம்பே ஹை எண்ணெய் வயல் வேலைன்னா மும்பை பக்கத்துல நாவா பேஸ், நம்ம கிழக்குக் கரையில கேஜி (கிருஷ்ணா கோதாவரி) பேசின் வேலைன்னா காக்கிநாடா. சென்னையில இருந்து சென்ட்ரல்ல ராத்திரி ரயில் ஏறுனா காலையில சாமல்கோட்ல இறங்கிக் காக்கிநாடா போயிடலாம், அந்த வசதி பெருசுதான்.

பிஎஸ்வில நெஜமான வேலை ரிக்குக்குக் கீழ போய் நிக்கும்போதுதான். ரிக்க சுத்தி 500 மீட்டர் சேஃப்டி ஜோன், அதுக்குள்ள போறதுக்கு முன்னாடியே ஒரு செக்லிஸ்ட் ஓட்டணும், என்ஜின், திரஸ்டர் (கப்பல பக்கவாட்டுலயும் தள்ளுற புரொப்பெல்லர்), ஸ்டீரிங் எல்லாம் டெஸ்ட் பண்ணணும், காத்தும் கரண்ட்டும் நம்மள ரிக்க விட்டு வெளிய தள்ளுற பக்கமா பாத்து நிக்கணும், அப்புறம் டிபி போட்டு மணிக்கணக்கா அசையாம நிக்கணும், மேல கிரேன் ஹூக் இறங்கும், ஹோஸ் கனெக்ட் ஆகும், கீழ நம்ம பசங்க டெக்ல ஓடுவாங்க. டிபின்றது கம்ப்யூட்டர் கையில திரஸ்டர குடுத்து கப்பல ஒரே எடத்துல புடிச்சு வைக்கிற சிஸ்டம். டிபி 2ன்னா பம்ப், ஜெனரேட்டர் மாதிரி ஏதோ ஒண்ணு புட்டுக்கிட்டாலும் கப்பல் எடத்த விட்டு நகரக் கூடாது. டிபி 3ன்னா ஒரு கம்பார்ட்மென்ட்டே தீப்புடிச்சாலும் தண்ணி பூந்தாலும் நகரக் கூடாது. இப்ப வர்ற நல்ல பிஎஸ்வி பெரும்பாலும் டிபி 2.

இதுல கடுப்பு என்னன்னா டேங்க் கிளீனிங். மட் டேங்க்ல உள்ள இறங்குனவனுக்குத்தான் தெரியும் அந்தச் சேறு எப்படி இருக்கும்னு, அதப் பத்தி எந்த ஏஜென்ட்டும் வாயத் தொறக்க மாட்டான்.

அடுத்து ஏஎச்டிஎஸ், அதாவது ஆங்கர் ஹேண்ட்லிங் டக் சப்ளை. ஆங்கர் ஹேண்ட்லர்னு சொல்வோம். இதுவும் சப்ளை பண்ணும், ஆனா இதோட பொழப்பே வேற. ரிக்க இழுத்துட்டுப் போறது, அதோட ஆங்கர ஒண்ணொண்ணாத் தூக்கிட்டுப் போயி கடலடியில போடுறது, மறுபடி எடுக்குறது. பின்னாடி ஒயர் உருண்டு போக ஸ்டெர்ன் ரோலர், நடுவுல செயின கவ்விப் புடிக்கிற ஷார்க் ஜா, ஒயர் பக்கவாட்டுல ஓடாம தடுக்குற டோ பின், பிரிட்ஜுக்குப் பின்னாடி வீடு சைஸ்ல ஒரு வின்ச். இதோட இழுவை சக்திய, நின்ன எடத்துல எவ்ளோ இழுக்கும்ன்றத, போலார்ட் புல்லுன்னு டன் கணக்குல சொல்வாங்க. 2020ல வந்த நார்வே போட் "ஐலண்ட் விக்டரி" 477 டன் இழுத்துச்சு. அம்மாடியோவ்.

போட் ஹேண்ட்லிங் கத்துக்கணும்னா இதான் ஸ்கூல்னு பழைய ஆளுங்க சொல்வாங்க, நானும் அதையேதான் சொல்வேன். ஒயர் டென்ஷன்ல இருக்கும்போது கப்பல் எப்படி நடந்துக்கும்னு எந்த சிமுலேட்டரும் முழுசா சொல்லித் தராது. ஆனா இங்க ஒரு தடவ தப்பு நடந்தா ரெண்டாவது சான்ஸ் கிடையாது. 2007 ஏப்ரல் 12, ஷெட்லாண்டுக்கு மேற்கே ரோஸ்பேங்க் ஃபீல்டுல "போர்பன் டால்ஃபின்". தண்ணியில இறங்கி ஒரு வருஷம்கூட ஆகாத புதுக் கப்பல், 180 டன் போலார்ட் புல். ரிக்கோட ஆங்கர் செயின தொங்க விட்டுக்கிட்டு ஓட்டும்போது காத்தும் கரண்ட்டும் லைன விட்டுத் தள்ளிடுச்சு, செயின் உள்பக்க டோ பின்ல இருந்து நழுவி வெளிப்பக்க பின்னுக்குப் போச்சு, அந்த இழுப்புல கப்பல் சாஞ்சுது, கவுந்துடுச்சு. 15 பேர்ல 8 பேர் போயிட்டாங்க. கேப்டனும், ஸ்கூல் வேலை அனுபவத்துக்குன்னு கப்பல்ல வந்திருந்த அவரோட 14 வயசுப் பையனும் அதுல அடக்கம். அதுக்கப்புறம் ஆங்கர் ஹேண்ட்லிங் போட்டுக்குன்னே ஸ்டெபிலிட்டி விதிய ஐஎம்ஓ (ஐநாவோட கடல்சார் அமைப்பு) கொண்டாந்து, அது அமலுக்கு வந்தது 2020 ஜனவரி 1. கணக்குப் போட்டுப் பாருங்க எத்தன வருஷம்னு.

அப்ப பிஎஸ்வி, சப்போர்ட் வெசல்லாம் பத்திரமானு கேட்டா அதுவும் இல்ல. 2005 ஜூலை 27, பாம்பே ஹை நார்த். "சமுத்ரா சுரக்‌ஷா"ன்ற சப்போர்ட் வெசல்ல சமையல்காரருக்கு விரல் வெட்டுப்பட்டுச்சு, மழைக்காலம், ஹெலிகாப்டர் வர வழியில்ல, சரி பிளாட்ஃபார்ம்ல ஏத்தி விடலாம்னு கிட்டப் போனாங்க, அலை தூக்கிட்டுப் போயி கடலடியில இருந்து மேல வர்ற கேஸ் குழாய்ல, ரைசர்னு சொல்வாங்க, அதுல மோத விட்டுடுச்சு. ரெண்டு மணி நேரத்துல மொத்த பிளாட்ஃபார்மும் எரிஞ்சு கடல்ல விழுந்துச்சு, 22 பேர் செத்தாங்க. விரல் காயத்துல ஆரம்பிச்ச விஷயம். அதனால எந்த போட்ல போனாலும் "வேணாம் சார், வெதர் சரியில்ல"ன்னு சொல்ற தைரியம் இருக்குற கேப்டன் கெடைக்கிறதுதான் பெரிய அதிர்ஷ்டம், சம்பளம்லாம் அப்புறம்.

சர்டிஃபிகேட் கணக்குக்கு வருவோம், இத யாரும் சரியா எடுத்துச் சொல்றதில்ல. டெக் ஆபீசருக்கு ஜிடி (கிராஸ் டன்னேஜ், கப்பலோட உள்ளளவு) கணக்கு, என்ஜினியருக்கு கிலோவாட் (என்ஜின் பவர்) கணக்கு. எஸ்டிசிடபிள்யூன்ற உலக மாலுமி சர்டிஃபிகேட் விதியில மாஸ்டர் (கேப்டன்), சீஃப் மேட் டிக்கெட்டு (தகுதி சர்டிஃபிகேட்) 3000 ஜிடிக்கு மேல, 3000 ஜிடிக்குக் கீழன்னு பிரிச்சிருக்கு. ஆஃப்ஷோர் போட்ல நெறைய 3000 ஜிடிக்குக் கீழதான் வரும். சின்ன டிக்கெட்டோட அங்கயே மாஸ்டர் வரைக்கும் போயிடலாம், ஆனா நாளைக்கு பெரிய டேங்கருக்கோ கன்டெய்னர் கப்பலுக்கோ போறேன்னா அந்தக் கதவு அவ்ளோ சுலபமாத் தொறக்காது. என்ஜின் பக்கம் அப்படியே தலைகீழ். அங்க கோடு 3000 கிலோவாட்ல, பெரிய ஏஎச்டிஎஸ் சின்ன உடம்புக்குள்ள 10,000 கிலோவாட்டுக்கு மேலயே வச்சிருக்கும். அதனால என்ஜினியர் தம்பி ஏஎச்டிஎஸ் போனா டைம் வேஸ்ட் இல்ல, டெக் தம்பி யோசிச்சுட்டுப் போகணும். ராஜாஜி சாலை எம்எம்டில (அரசு கப்பல் துறை ஆபீஸ்) ஒரு தடவ நேர்ல போயி உங்க டிக்கெட்டுக்கு எந்த சீ டைம (கப்பல்ல வேலை செஞ்ச காலம்) எண்ணுவாங்கன்னு கேட்டுக்குங்க, ஏஜென்ட் சொல்றத நம்பாதீங்க.

டெக் ஆளுக்கு என் ஓட்டு பிஎஸ்விக்குத்தான், காரணம் டிபி. நாட்டிக்கல் இன்ஸ்டிடியூட் ஸ்கீம்ல இண்டக்‌ஷன் கோர்ஸ், கப்பல்ல டிபி சீ டைம், சிமுலேட்டர், மறுபடி சீ டைம்னு முடிச்சு அந்த சர்டிஃபிகேட் கையில வந்துட்டா டிரில்ஷிப், டைவிங் கப்பல், கேபிள் கப்பல், காத்தாலை சர்வீஸ் கப்பல் எல்லாத்துக்கும் அது டிக்கெட். ஏன் இத அழுத்திச் சொல்றேன்னா, 2014 நடுவுல 100 டாலருக்கு மேல இருந்த பேரல் 2016 ஜனவரில 30க்குக் கீழ விழுந்தப்ப ஆஃப்ஷோர் போட்டெல்லாம் வரிசையாக் கட்டிப் போட்டுட்டாங்க. நார்வே ஃபியோர்டுல இருந்து சிங்கப்பூர் ஆங்கரேஜ் வரைக்கும் லே அப். எண்ணெய் படுத்தா ஏஎச்டிஎஸ் மொதல்ல படுக்கும், ரிக் நகராதே, அப்புறம் எங்க ஆங்கர் தூக்குறது. ஆனா அந்த நேரத்துலயே ஐரோப்பாவுல சில பிஎஸ்விய ஆளுங்க நடந்து ஏறுற கேங்வே மாட்டி காத்தாலை வேலைக்கு மாத்துனாங்க, அங்க டிபி தெரிஞ்ச ஆளுக்கு வேலை இருந்துச்சு. நம்ம தமிழ்நாட்டுக்கும் மன்னார் வளைகுடாவுல 500 மெகாவாட் கடல் காத்தாலைக்கு 2024 ஜூன்ல மத்திய அரசு நிதித் திட்டம் ஓகே பண்ணுச்சு. எப்ப வரும்னு கேக்காதீங்க, வந்தா அதுக்கும் டிபி ஆளுதான் வேணும். பள்ளிக்கரணையில இருக்குற தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம், என்ஐஓடியோட "சாகர் நிதி"யும் டிபி கப்பல்தான், மத்ஸ்யா 6000ன்னு மூணு பேர ஆழ்கடலுக்கு எறக்கப் போறாங்கல்ல, அத தூக்கி எறக்குறதுக்குன்னு வச்சிருக்குறது இதத்தான்.

டக் (இழுவைப் படகு) பத்தி. சென்னை ஹார்பர், எண்ணூர், காட்டுப்பள்ளின்னு மூணு துறைமுகம் பக்கத்துப் பக்கத்துல இருக்குற ஊருக்கு டக் வேலைய லேசா நெனைக்கக் கூடாது. டியூட்டி முடிஞ்சா வீட்டுச் சாப்பாடு. எண்ணெய் விலைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, கப்பல் வந்தா தள்ளணும் இழுக்கணும். இப்ப வர்றது ஏஎஸ்டி டக், அடியில ரெண்டு திரஸ்டர், 360 டிகிரி சுத்தும், ஜாய்ஸ்டிக் மாதிரி ஓட்டலாம். ஆக்லாந்துல 2022ல "ஸ்பார்க்கி"ன்னு முழு பேட்டரி டக்கே வந்துடுச்சு, 70 டன் இழுக்குது. 2012 நீலம் புயல்ல "பிரதிபா காவேரி" டேங்கர் பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்ல தட்டி நின்னுச்சே, ஊரே பீச்சுக்கு வேடிக்கை பாக்கப் போச்சு, லைஃப்போட்ல எறங்குன பசங்க செத்தது பாதிப் பேருக்கு ஞாபகம் இல்ல. கடைசியா நவம்பர்ல அத மணல்ல இருந்து இழுத்து எடுத்ததும் டக்தான். குறை ஒண்ணுதான், ஹார்பர் எல்லைக்குள்ளயே சுத்துற சர்வீஸ ஃபாரின் கோயிங் டிக்கெட்டுக்கு எண்ணுவாங்கன்னு நம்பிப் போயிடாதீங்க. கல்யாணம் ஆகி புள்ள குட்டின்னு செட்டில் ஆனவருக்கு டக், இருபது வயசுத் தம்பிக்கு வேணாம், இது என் கருத்து.

தண்ணிக்கு அடியில மண்ணத் தோண்டி ஆழப்படுத்துற டிரெட்ஜர யாரும் சீண்டுறதில்ல. சவுண்டு, சேறு, ஒரே எடத்துல போயிட்டுப் போயிட்டு வர்றது, போர் அடிக்கும்ன்றது உண்மை. ஆனா எந்த போர்ட்டும் டிரெட்ஜிங் இல்லாம மூச்சு விடாது. 2021 மார்ச்ல சூயஸ்ல "எவர் கிவன்" மாட்டுனப்ப டிவில டக்கையே காட்டுனாங்க, "மஷ்ஹூர்"னு ஒரு கட்டர் டிரெட்ஜர் மூக்கு பக்கத்துல சுமார் 30,000 கன மீட்டர் மண்ணத் தோண்டி எடுக்கலன்னா அந்த டக்கெல்லாம் இழுத்து என்ன பிரயோஜனம். என்ஜினியருக்கும் எலக்ட்ரிக்கல் ஆளுக்கும் பம்ப், ஹைட்ராலிக்ஸ்னு கத்துக்க இங்க நெறைய சரக்கு இருக்கு.

எதுல போனாலும் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி டிபி கிளாஸ் என்ன, டிபி லாக்ல கேப்டன் சைன் பண்ணித் தருவாரா, எத்தன மாசத்துல ரிலீவர் வருவான், எந்த நாட்டுக் கொடி, போட் வயசு என்ன, இதெல்லாம் கேளுங்க. ஏஜென்ட்டோட ஆர்பிஎஸ்எல் (மாலுமிய வேலைக்கு எடுக்குற லைசென்ஸ்) நம்பர டிஜி ஷிப்பிங் (மத்திய அரசு கப்பல் துறை) சைட்ல போட்டுப் பாருங்க. வேலை வாங்கித் தர்றதுக்கு மாலுமிகிட்ட காசு வாங்குறது சட்டப்படி தப்பு, சர்வீஸ் சார்ஜ், டாக்குமென்ட் சார்ஜ்னு என்ன பேர் வச்சுக் கேட்டாலும் எழுந்து வந்துடுங்க.